நடக்காத தேர்தலின் கணக்கு

2024 பிறப்பதற்கு முன்பே அதற்குத் தேர்தல் ஆண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 72 நாடுகள், 370 கோடி மக்கள் என்று கணக்குச் சொன்னது. ஜனவரி 7இல் பங்களாதேஷ், 13இல் தைவான், பிப்ரவரி 8இல் பாகிஸ்தான், 14இல் இந்தோனேசியா என்று தொடங்கிய வரிசை டிசம்பர் 29இல் குரோஷியாவின் அதிபர் தேர்தல் வரை நீண்டது. நடுவே ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டங்களாக இந்தியா. வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 97 கோடிப் பேர், வாக்களித்தவர்கள் சுமார் 64 கோடிப் பேர். மனித வரலாற்றிலேயே இவ்வளவு பேர் ஒரே ஆண்டில் வாக்களித்ததில்லை என்று பெருமிதமாக எழுதினார்கள். எண்கள் சரிதான். ஆனால் அவை நாட்டளவில் நடந்த தேர்தல்களை மட்டும் கூட்டி வந்த எண்கள். நடந்திருக்க வேண்டியும் நடக்காமல் போன தேர்தல்களுக்கு அந்தப் பட்டியலில் வரியும் இல்லை, பத்தியும் இல்லை. பெரிய தேர்தலைக் குறித்த நாளில் நடத்திக்காட்டும் அரசுகள், அதே ஆண்டில், அதே வாக்காளரின் சின்னத் தேர்தலைக் கேட்பாரின்றித் தள்ளிப்போட முடிந்தது என்பதுதான் 2024 பற்றிச் சொல்லப்படாமல் போன செய்தி. அந்தச் செய்தியைப் படிக்க ஏற்ற இடம் பெங்களூருவின் மல்லேஸ்வரம்.

ஏற்ற இடம் என்பதற்குக் காரணம் உண்டு. மல்லேஸ்வரம் ஏழை எளியவர்கள் குரலற்றுக் கிடக்கும் ஒதுக்குப்புறமில்லை. 1890களில், பிளேக் பயத்தின் நிழலில், காற்றோட்டமும் வடிகாலும் பார்த்துத் திட்டமிட்டு எழுப்பிய பேட்டை. படித்தவர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், இசைச் சபாக்கள், பழைய பள்ளிக்கூடங்கள், கூப்பிடு தூரத்தில் இந்திய அறிவியல் கழகம் என்று நகரத்தின் மதிப்பான பகுதிகளில் ஒன்று. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடமும்கூட. மனு எழுதத் தெரிந்தவர்களும் நீதிமன்றப் படியேறத் தயங்காதவர்களும் இங்கே நிறைய. இப்படிப்பட்ட இடத்திலேயே ஒரு தேர்தலை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்க முடிந்தது என்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பேட்டைக்குப் பெயர் கொடுத்த காடு மல்லேஸ்வரர் கோயிலில் 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பின்னாளில் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியை நிறுவிய ஏகோஜி, மேதரனிங்கனஹள்ளி என்ற கிராமத்தைக் கோயிலுக்குத் தானமாகக் கொடுத்ததை அது சொல்கிறது. அந்தக் கிராமத்தாரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அது அரசர் காலம் என்று விட்டுவிடலாம்.

2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. கர்நாடகத்தின் 28 மக்களவைத் தொகுதிகளில் 14 தொகுதிகளுக்கு அன்று வாக்குப்பதிவு. மல்லேஸ்வரம் சட்டமன்றத் தொகுதி பெங்களூரு வடக்கு மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. கே.ஆர்.புரம், பியாடராயனபுரம், ஹெப்பால், புலிகேசிநகர், தாசரஹள்ளி, யஷ்வந்தபுரம், மகாலட்சுமி லேஅவுட் ஆகியவையும் அதே தொகுதிதான். மொத்த வாக்காளர்கள் 32 லட்சத்துக்கு மேல். பாரதிய ஜனதாவின் ஷோபா கரந்தலாஜே, காங்கிரசின் எம்.வி. ராஜீவ் கௌடாவை 2,59,476 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்குப்பதிவு 54 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. மை வைத்த விரலைக் காட்டினால் தோசை இலவசம் என்று நகரத்தின் சில ஓட்டல்கள் அறிவித்திருந்தன. அதற்கு உயர் நீதிமன்றம்வரை போய் அனுமதியும் வாங்கியிருந்தார்கள். அந்தத் தோசையாலும் பெங்களூருவின் மெத்தனத்தை அசைக்க முடியவில்லை. ஆனாலும் தேர்தல் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், சொன்ன சாவடியில் நடந்தது. இயந்திரம் வந்தது, பார்வையாளர் வந்தார், துணை ராணுவம் வந்தது, ஜூன் 4 அன்று முடிவும் வந்தது.

அதே மல்லேஸ்வரத்தில் மாநகராட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2015 ஆகஸ்ட் 22 அன்று. 198 வார்டுகள் கொண்ட பெருநகர பெங்களூரு மாநகராட்சிக்கு அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் ஆயுள் 2020 செப்டம்பர் 10இல் முடிந்தது. அதன் பிறகு மேயர் இல்லை, மன்றம் இல்லை, கார்ப்பரேட்டர் இல்லை. மாநில அரசு நியமித்த நிர்வாக அதிகாரியே மன்றம், அவரே மேயர். மல்லேஸ்வரம் சட்டமன்றத் தொகுதிக்குள் அப்போது ஏழு வார்டுகள் இருந்தன: அரமனே நகர், மத்திகெரே, மல்லேஸ்வரம், ராஜமகால் குட்டஹள்ளி, காடு மல்லேஸ்வரா, சுப்ரமண்ய நகர், காயத்ரி நகர். வார்டுக்கு ஒருவர் என்று ஏழு பேரிடம் போய் முறையிட்ட மக்களுக்கு, 2020க்குப் பிறகு ஒரே ஒரு சட்டமன்ற உறுப்பினர்தான் மிச்சம். பெங்களூருவுக்கு இது புதிதும் அல்ல. 2006 நவம்பரில் மன்றம் முடிந்த பிறகு, சுற்றியிருந்த ஏழு நகரசபைகளையும் நூற்றுப் பத்து கிராமங்களையும் சேர்த்துப் பெருநகர மாநகராட்சி ஆக்குகிறோம் என்று சொல்லி, 2010 மார்ச் வரை தேர்தலே வைக்கவில்லை. 2006 நவம்பர் முதல் 2024 முடிவு வரையிலான பதினெட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இந்த நகரம் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமலே ஓடியிருக்கிறது.

சட்டம் இதற்கு இடம் கொடுத்ததா? கொடுக்கவில்லை. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு, அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை, அந்த ஆயுள் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது. 243யு பிரிவில் இது கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. 2006இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு இதையே உறுதி செய்தது. 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில், வார்டு மறுவரையறையைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது என்று மறுபடியும் சொன்னது. பெங்களூருவில் நடந்தது வேறு. 2020 டிசம்பரில் 198 வார்டுகளுக்கே தேர்தலை நடத்துங்கள் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஆணையிட்டது, அந்த மாதமே உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். வார்டுகள் 243 ஆயின. 2022 செப்டம்பர் 30இல் உயர் நீதிமன்றம் இட ஒதுக்கீட்டுப் பட்டியலை ரத்து செய்து, டிசம்பர் 31க்குள் தேர்தலை முடியுங்கள் என்றது. முடியவில்லை. 2023 மே மாதம் ஆட்சி மாறியது. 243 என்பது 225 ஆயிற்று. 2024 ஜூலையில் நகரத்தையே பல மாநகராட்சிகளாகப் பிரிக்கும் கிரேட்டர் பெங்களூரு ஆளுகை மசோதா வந்தது. தள்ளிப்போட்டது ஒரு கட்சி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2023 வரை பாரதிய ஜனதா, பிறகு காங்கிரஸ். எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது தேர்தல் எங்கே என்று கேட்ட வாய், ஆளும் வரிசைக்குப் போனதும் மறுவரையறை முடியட்டும் என்றது.

மறுவரையறை என்ற இந்தக் காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் கேட்பதற்கு நியாயமாகத் தெரிவது அதுதான். நகரம் வீங்கிவிட்டது, ஓரப் பகுதி வார்டில் பழைய மையத்து வார்டைப் போல இரண்டு மடங்கு மக்கள் இருக்கிறார்கள், ஒரு வாக்குக்கு ஒரு மதிப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். கேள்வி சரி. இதே கேள்வியை மக்களவைக்கும் கேட்டுப்பார்க்கலாம். மாநிலங்களுக்கிடையே மக்களவை இடங்களின் பங்கீடு 1971 மக்கள்தொகைக் கணக்கில் உறைந்து கிடக்கிறது. தொகுதி எல்லைகள் 2001 கணக்கெடுப்பின்படி வரையப்பட்டவை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2024 முழுதும் நடக்கவே இல்லை. லட்சத்தீவில் ஐம்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளருக்கு ஓர் உறுப்பினர், பெங்களூரு வடக்கில் 32 லட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர். ஏற்றத்தாழ்வு காரணமாகத் தேர்தலை நிறுத்த வேண்டும் என்றால் முதலில் நிறுத்த வேண்டியது மக்களவைத் தேர்தலைத்தான். அப்படி ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாடு சிரித்திருக்கும், அல்லது கொதித்திருக்கும். குறையுள்ள எல்லைகளோடு தேர்தலை நடத்திவிட்டு எல்லைகளைப் பிறகு சரிசெய்யலாம் என்ற பொது அறிவு டெல்லிக்குச் செல்லுபடியாகிறது. மல்லேஸ்வரத்தின் வார்டுக்கு மட்டும் ஏன் செல்லவில்லை? மக்களவையின் ஆயுளை நீட்டிய ஒரே சந்தர்ப்பம் நெருக்கடி நிலைக் காலம். 1976இல் வந்திருக்க வேண்டிய தேர்தல் 1977 மார்ச்சில் நடந்தது, தாமதம் ஓராண்டு. அந்த ஓராண்டை அரை நூற்றாண்டாக நாம் மறக்கவில்லை. பெங்களூருவின் நான்கு ஆண்டைத் தாண்டிய தாமதத்தை நினைவில் வைக்க ஒரு பெயர்கூட அதற்கு இல்லை.

காரணம் அதிகாரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. மக்களவைத் தேர்தலை நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையம், தேர்தலுக்கு வேண்டிய எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலை நடத்தும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் அரசியலமைப்பில் ஏறக்குறைய அதே வார்த்தைகளில் அதிகாரம் உண்டு. ஆனால் கர்நாடகத்தில் வார்டு எல்லை வரைவதும் எந்த வார்டு யாருக்கு ஒதுக்கீடு என்று பட்டியல் போடுவதும் மாநில அரசின் கையில். அந்த இரண்டும் வராமல் ஆணையம் தேதி அறிவிக்க முடியாது. ஆக, தேர்தல் வேண்டாம் என்று நினைக்கும் அரசு தேர்தலை ரத்து செய்ய வேண்டியதே இல்லை. ஒரு பட்டியலைத் தாமதமாக, அல்லது நீதிமன்றத்தில் நிற்காத அளவுக்குப் பிழையாக, வெளியிட்டால் போதும்.

இது பெங்களூருவின் தனிக் கதையும் அல்ல, இந்தியாவின் தனிக் கதையும் அல்ல. 2024இல் இலங்கை இரண்டு தேசியத் தேர்தல்களைக் கண்டது. செப்டம்பர் 21 அதிபர் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதம் பெற்றார். இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணி வெற்றியாளரை அறிவித்தது அந்நாட்டு வரலாற்றில் அதுவே முதல் முறை. நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225இல் 159 இடங்களைப் பிடித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்று அந்தக் கட்சிக்கே போனது உலகத் தமிழர் பத்திரிகைகளில் வாரக்கணக்கில் அலசப்பட்டது. அலசப்படாதது ஒன்று உண்டு. வடக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சராக இருந்த அந்தச் சபை 2018 அக்டோபரில் கலைந்தது. அதன் பிறகு சபை இல்லை, ஆளுநர்தான். காரணம் என்ன தெரியுமா? எல்லை மறுவரையறை. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், புதிய எல்லைகளை வரைந்த அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு விட்டார்கள், ஒருவர்கூட ஆதரிக்காமல் அதைத் தோற்கடித்தார்கள். பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற திரிசங்கு நிலையில் ஒன்பது மாகாண சபைகளும் தொங்கின. உள்ளூராட்சித் தேர்தல் கதை இன்னும் வெளிப்படை. 2023 மார்ச் 9 என்று நாள் குறித்த தேர்தலுக்குப் பணம் இல்லை என்றது திறைசேரி. 2024 ஆகஸ்ட் 22 அன்று, அதிபர் தேர்தலுக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கையில், இது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. உலகத் தேர்தல் ஆண்டுப் பட்டியலில் இலங்கைக்கு இரண்டு தேர்தல்கள் என்று பதிவாகியிருக்கிறது. நடக்காத ஒன்பது மாகாணத் தேர்தல்களும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூராட்சி மன்றங்களின் தேர்தலும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதைப் படித்து அண்டை வீட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட காலத்தில் சென்னைவாசி 2019இல் மக்களவைக்கு வாக்களித்தார், 2021இல் சட்டமன்றத்துக்கு வாக்களித்தார். 2019 கோடையில் ஏரிகள் வற்றி லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசையில் நின்றபோது, தெருவுக்கு எந்த நேரத்தில் லாரி வரும் என்று கேட்க அவருக்குக் கவுன்சிலர் இல்லை. மும்பை மாநகராட்சி மன்றம் 2022 மார்ச் 7இல் முடிந்தது. 2024இல் அந்நகரத்தார் மக்களவைக்கும், நவம்பர் 20 அன்று சட்டமன்றத்துக்கும் வாக்களித்தார்கள். நாட்டின் மிகப் பணக்கார மாநகராட்சிக்கு வாக்களிக்க 2026 ஜனவரி வரை காத்திருந்தார்கள். சென்னையில் ஐந்துக்கு மேல், மும்பையில் ஏறக்குறைய நான்கு, பெங்களூருவில் 2024 முடிவுக்கே நான்குக்கு மேல். ஒரு நகரம் என்றால் விபத்து என்று சொல்லலாம். வேறுவேறு கட்சிகள் ஆண்ட மூன்று பெருநகரங்களில் ஒரே மாதிரி நடந்தால் அதைப் பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நாட்டின் திசையை முடிவு செய்வது நாட்டுத் தேர்தல்தானே, வார்டுத் தேர்தலை அதோடு நிறுத்துப் பார்ப்பது சரியா என்று கேட்கலாம். 2024 இந்த மறுப்புக்குச் சான்றுகளையும் தருகிறது. போட்ஸ்வானாவில் விடுதலை பெற்ற நாள் முதல் 58 ஆண்டு ஆண்ட கட்சியை அக்டோபர் 30 அன்று மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தென்னாப்பிரிக்காவில் மண்டேலாவின் கட்சி முதல் முறையாகப் பெரும்பான்மையை இழந்தது. பிரிட்டனில் பதினான்கு ஆண்டு ஆட்சி கவிழ்ந்தது, ஜப்பானில் ஆளுங்கூட்டணி பெரும்பான்மையை இழந்தது, இந்தியாவில் ஆளுங்கட்சி 240இல் நின்றது. ஆண்டவரைத் தண்டிக்கும் ஆயுதம் துருப்பிடிக்கவில்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே பட்டியலில்தான் மார்ச்சில் புதின் 87 சதவீதம் பெற்ற ரஷ்யாவும் இருக்கிறது. முக்கிய எதிர்க்கட்சி புறக்கணித்த பங்களாதேஷ் தேர்தலும் இருக்கிறது. ஜனவரியில் அதில் வென்ற ஷேக் ஹசீனா ஆகஸ்ட் 5 அன்று நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. முதல் சுற்று முடிந்த பிறகு, டிசம்பர் 6 அன்று, அரசியலமைப்பு நீதிமன்றம் முழுத் தேர்தலையும் ரத்து செய்த ருமேனியாவும் அதில்தான் இருக்கிறது. நாட்டுத் தேர்தலை நடத்துவது சர்வாதிகாரிக்கும் கௌரவமான காரியம். உலகமே பார்க்கும், பார்வையாளர் வருவார்கள், படம் பிடிப்பார்கள். யாரும் பார்க்காத தேர்தலை நேரத்தில் நடத்துகிறதா என்பதில்தான் ஓர் அரசின் உள்மனம் தெரியும்.

மக்கள் வாக்கெடுப்புகளையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். 2024 மார்ச் 3 அன்று சுவிட்சர்லாந்து மக்கள் ஓய்வூதியத்தில் பதின்மூன்றாவது மாதத் தொகை வேண்டும் என்றும், ஓய்வு வயதை உயர்த்த வேண்டாம் என்றும் ஒரே நாளில் முடிவு செய்தார்கள். ஐந்து நாள் கழித்து அயர்லாந்தில், குடும்பம் என்பதற்கான விளக்கத்தையும் வீட்டில் பெண்ணின் கடமை பற்றிய வரியையும் அரசியலமைப்பில் மாற்றும் இரண்டு யோசனைகளை, அரசும் பெரிய கட்சிகளும் ஆதரித்தும், மக்கள் 67.7, 73.9 சதவீத எதிர்ப்பில் தள்ளினார்கள். அக்டோபர் 20 அன்று மால்டோவா ஐரோப்பிய ஒன்றியத்தை நோக்கிப் போவதை 50.35 சதவீதத்தில், பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளில், நிச்சயித்தது. இந்திய அரசியலமைப்பில் இப்படி ஒரு வழியே கிடையாது. 1967 ஜனவரி 16 அன்று கோவா தனித்திருப்பதா மகாராஷ்டிரத்தோடு சேர்வதா என்று கேட்டதைப் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. அதற்கும் முன்பு, 1954 அக்டோபர் 18 அன்று, புதுச்சேரிக்கு அருகே கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, இந்தியாவோடு இணைவதா என்ற கேள்விக்கு வாக்களித்தார்கள். 170 பேர் ஆம் என்றார்கள், 8 பேர் இல்லை என்றார்கள். அந்த 178 பேரில் பிரதிநிதி சபை உறுப்பினர்களோடு நகராட்சி மன்ற உறுப்பினர்களும் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரெஞ்சிந்தியத் தமிழ் நிலத்தின் தலைவிதியையே நகராட்சிக் கவுன்சிலர்களை வைத்து முடிவு செய்யலாம் என்று இரண்டு அரசுகள் அன்று ஒப்புக்கொண்டன. தெருவிளக்கு பற்றிக் கேட்கக்கூட 2024இல் பெங்களூருவில் அப்படி ஓர் உறுப்பினர் இல்லை.

வாக்கெடுப்பு என்ற வழி இல்லாத நாட்டில், குடிமகனிடம் குறிப்பான கேள்வி ஒன்றுக்குப் பதில் கேட்கும் இடம் வார்டுதான். மல்லேஸ்வரத்தில் அப்படிப்பட்ட கேள்விகளுக்குக் குறைவில்லை. இரண்டு கிராஸ்களுக்கு (குறுக்குத் தெருக்களுக்கு) நடுவே, வீடுகளின் புழக்கடையை ஒட்டி ஓடும் ஒடுக்கமான சந்துகள் இங்கே உண்டு. கழிவு அள்ளுவோர் வந்துபோவதற்காகப் பேட்டையைத் திட்டமிட்ட காலத்திலேயே விட்டவை. பாதாளச் சாக்கடை வந்த பிறகு குப்பை கொட்டவும் வண்டி நிறுத்தவும் ஆகிப்போனவை. அவற்றில் சிலவற்றைச் சுவரில் படம் வரைந்து, தரை பாவி, நடைவழியாக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் அப்படி ஆக்கலாமா, அல்லது வண்டி நிறுத்த இடமில்லாதவர்களுக்கு விடலாமா? எட்டாவது கிராஸில் பூவும் காயும் துணியும் விற்கும் நடைபாதைக் கடைகள் எங்கே, எத்தனை? சாங்கி ஏரிக்கரையை ஒட்டி மேம்பாலம் வேண்டுமா, மரங்கள் வேண்டுமா? 2023 தொடக்கத்தில் இந்தக் கடைசிக் கேள்விக்காகக் குடியிருப்போர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். தெருவில் இறங்கினார்கள் என்றால், மன்றத்தில் எழுப்ப ஆள் இல்லை என்றும் பொருள். கடைக்காரருக்கும் நடப்பவருக்கும் கார்க்காரருக்கும் இவற்றில் வேறுவேறு நியாயம் உண்டு. 32 லட்சம் வாக்காளர் கொண்ட தொகுதியில் நாடு யார் கையில் என்று நடக்கும் தேர்தலில் இதில் ஒன்றுகூட எழாது, எழவும் வேண்டியதில்லை.

அடுத்த மறுப்பு நகரத்தார் மீது வைக்கப்படுவது. நடத்தினால் மட்டும் வந்து வாக்களிக்கிறார்களா என்பார்கள். 2015 மாநகராட்சித் தேர்தலில் பெங்களூருவில் பாதிப் பேர்கூட வரவில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்த சென்னையிலும் 2022இல் 43 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. உண்மைதான், வெட்கப்பட வேண்டியதும்தான். ஆனால் இதை வைத்துத் தேர்தலை நிறுத்தலாம் என்றால், அதே பெங்களூருவில் 54 சதவீதம் வந்த மக்களவைத் தேர்தலையும் நிறுத்தலாமே. சுவிஸ் வாக்கெடுப்புகளிலும் பாதிப் பேர் வராத ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு, அதற்காக அவர்கள் பெட்டியை மூடி வைப்பதில்லை. காரணமும் விளைவும் இங்கே இடம் மாறி நிற்கின்றன. எப்போது வரும் என்று தெரியாத தேர்தல், அதிகாரமும் பணமும் மாநில அரசிடமே இருக்கும் மன்றம், ஓராண்டே பதவியில் இருந்த மேயர் என்று வைத்துவிட்டு, மக்கள் ஏன் ஆர்வம் காட்டவில்லை என்று கேட்பது நேர்மையில்லை.

கார்ப்பரேட்டர்கள் ஊழல்வாதிகள், ஒப்பந்ததாரரோடு கூட்டு, அவர்கள் இல்லாமல் ஐ.ஏ.எஸ். அதிகாரி நிர்வாகமே மேல் என்ற பேச்சு மல்லேஸ்வரத்தின் காலைநடைக் கூட்டங்களில் சரளமாகப் புழங்கும் ஒன்று. முதல் பாதியை முழுக்க மறுப்பதற்கில்லை. இரண்டாம் பாதிக்குத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஆண்டுகளில் பள்ளமில்லாத சாலையோ, தேங்காத மழைநீரோ பெங்களூருவுக்கு வந்துவிடவில்லை. 2024 மார்ச்சில், மக்களவைப் பிரசாரம் சூடுபிடித்த நேரத்தில், நகரம் கடுமையான தண்ணீர்ப் பஞ்சத்தில் சிக்கியது. ஏறத்தாழ 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக முதலமைச்சர் சித்தராமையாவே சொன்னார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். தண்ணீர் வாரியம் மாநில அரசின் கீழ் இருப்பது, மன்றம் இருந்திருந்தாலும் காவிரி கூடுதலாகப் பாய்ந்திருக்காது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எந்தத் தெருவுக்கு லாரி, எந்தக் கிணற்றை ஆழப்படுத்துவது, எந்த அடுக்ககம் பக்கத்துத் தெருவின் பங்கை உறிஞ்சுகிறது என்ற கேள்விகளுக்குப் பெயர் தெரிந்த, அடுத்த தேர்தலில் தோற்கடிக்கக்கூடிய ஒருவர் பொறுப்பாக இருந்திருப்பார். அந்த ஆண்டு மாநகராட்சியின் பட்ஜெட் 12,000 கோடி ரூபாய்க்கு மேல். அதை விவாதித்து, திருத்தி, வாக்களித்து நிறைவேற்ற ஒரு மன்றம் இல்லை. அதிகாரிகள் போட்டார்கள், அதிகாரிகள் வாசித்தார்கள், அரசு ஏற்றது. ஊழல் கார்ப்பரேட்டரை ஐந்தாண்டில் மாற்றலாம். நிர்வாக அதிகாரியை மாற்றும் உரிமை வாக்காளருக்குக் கிடையாது, அவர் நல்லவரானாலும் சரி.

இதில் யாருக்கு ஆதாயம் என்று கேட்டால் விடை தூரத்தில் இல்லை. கார்ப்பரேட்டர் இல்லாத வார்டில் சாலைப் பணியும் பூங்காவும் சட்டமன்ற உறுப்பினரின் கணக்கில் சேர்கின்றன, அவர் எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை. நாளைக்குத் தனக்குப் போட்டியாக வரக்கூடிய வட்டாரத் தலைவர் வளர்வதற்கான நாற்றங்காலும் இல்லாமல் போகிறது. ஒரே நாடு ஒரே தேர்தல் பற்றிய ராம்நாத் கோவிந்த் குழு 2024 மார்ச் 14 அன்று 18,626 பக்க அறிக்கையைக் குடியரசுத் தலைவரிடம் கொடுத்தது. மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் சேர்த்துத் தேர்தல் நடத்தி, அடுத்த நூறு நாளுக்குள் உள்ளாட்சித் தேர்தலையும் முடிக்கலாம் என்றது. அந்த யோசனையின் நன்மை தீமை தனிக் கட்டுரைக்கு உரியது. டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமான 129ஆவது திருத்த மசோதாவில் மக்களவை உண்டு, சட்டமன்றம் உண்டு, உள்ளாட்சி இல்லை. தேர்தல் அட்டவணையைச் சீர்செய்ய வந்த சட்டமே, அட்டவணை மிகவும் சீர்கெட்டுக் கிடக்கும் இடத்தைத் தொடவில்லை.

2025 செப்டம்பரில் பெருநகர பெங்களூரு மாநகராட்சி மறைந்து ஐந்து மாநகராட்சிகள் பிறந்தன, பிறகு வார்டுகள் 369 என்று வரையப்பட்டன. 198, 243, 225, 369. நான்கு முறை நகரத்தைக் கூறுபோட்டுப் பார்த்தார்கள். அந்த நான்கு வரைபடங்களில் முதலாவதில் மட்டுமே தேர்தல் நடந்திருந்தது. அதிகாரத்தைப் பரவலாக்கத்தான் ஐந்தாக்கினோம் என்பதை நம்பலாம். ஆனால் அரசியலமைப்பு சொன்ன நாளுக்குள் தேர்தல் நடத்த முடியாதவர்கள் ஒன்றை ஐந்தாக்கினால், ஐந்து மடங்கு தாமதம் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. பட்டியலும் எல்லையும் மாநில அரசின் கையை விட்டு மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கைக்குப் போகும்வரை, எத்தனை மாநகராட்சி என்பது இரண்டாம்பட்சம். தமிழ்நாட்டிலும் 28 மாவட்டங்களின் ஊராட்சிகளில் 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த முறை உலகத் தேர்தல் ஆண்டு என்று யாராவது பட்டியல் போட்டால், நாடு, தேதி, வாக்காளர் எண்ணிக்கை என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி கேளுங்கள்: அந்த ஆண்டில் காலாவதியாகியும் நடத்தாமல் விட்ட தேர்தல்கள் எத்தனை? 2024க்கு அந்தப் பத்தியில் பெங்களூரு, மும்பை, இலங்கையின் ஒன்பது மாகாணங்கள் என்று எழுதியே ஆக வேண்டும்.